சிறப்பு உலோகத்தை முதல் முறை இறக்குமதி செய்கிறீர்களா? எட்டு இலக்க எண்ணிலிருந்து தொடங்குங்கள்

கோவையில் வால்வு ஸ்பிண்டிலும் பம்ப் ஷாஃப்டும் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறை எங்களுடையது. சிறப்பு உலோகம் வேண்டுமென்றால் மும்பை கும்பார்வாடா வியாபாரிகளுக்குப் போன் போடுவோம், சில நாளில் லாரியில் வந்துவிடும். விலை ஏறிக்கொண்டே போனதால், வெளிநாட்டிலிருந்து நேரடியாகவே வரவழைப்போம் என்று இறங்கினோம். முதல் சரக்கு அலாய் 800 உருண்டைக் கம்பி. சந்தையில் எல்லோரும் அதை நிக்கல் அலாய் என்றுதான் சொல்வார்கள். விற்றவரின் இன்வாய்ஸில் நிக்கலுக்குரிய சுங்க வகைப்பாட்டு எண் இருந்தது. எங்களுக்காகச் சுங்க வேலை பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட்டும் அதையே போட்டார். தூத்துக்குடியில் சுங்க அதிகாரி, உருக்கிய ஆலை தரும் வேதிக்கூறுச் சான்றான மில் சான்றிதழைக் கேட்டு வாங்கி ஒரு வரியில் விரலை வைத்தார். நிக்கல் 31 சதவீதம், இரும்பு 46 சதவீதம். "இது எஃகு சார், நிக்கல் இல்லை" என்றார்.

எஃகுக்குச் சுங்கத் தீர்வை வேறு, சரக்கு வருமுன் அரசிடம் செய்ய வேண்டிய பதிவும் வேறு. இரண்டையும் சரிசெய்து கம்பியை வெளியே எடுக்க 19 நாள் ஆனது. கிடங்கு வாடகை ஒரு பக்கம், வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதி தவறியது மறுபக்கம். அந்தச் சான்றிதழ் ஒரு மாதமாக என் மெயிலில்தான் கிடந்தது. திறந்து பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். இனி யாருக்கும் அந்த 19 நாள் வரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டைட்டானியம், நிக்கல் அலாய், கோபால்ட், டங்ஸ்டன், மாலிப்டினம் போன்றவற்றைக் கம்பியாகவோ தகடாகவோ குழாயாகவோ, சில நூறு கிலோ முதல் சில டன் வரை இந்தியாவுக்குக் கொண்டுவருபவர்களுக்கானது இது. பழைய உலோகத் துண்டு, அதாவது ஸ்கிராப், வேறு விதி. ஏற்றுமதிக்கு முந்தைய ஆய்வுச் சான்று முதல் எல்லாமே மாறும். அதை இங்கே தொடவில்லை.

1. உலோகத்தின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

இந்தியாவுக்குள் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு இலக்க எண் உண்டு. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்கப் பொது. கடைசி இரண்டு நம் நாடு சேர்த்தது. கட்ட வேண்டிய தீர்வை, வாங்க வேண்டிய அனுமதி, பார்க்க வேண்டிய புள்ளிவிவரம் மூன்றும் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வரும். அதனால் விற்பவரைத் தேடும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம். இரும்பும் எஃகும் 72, செம்பு 74, நிக்கல் 75, அலுமினியம் 76. 81ஆம் அத்தியாயத்தில்தான் மற்ற சிறப்பு உலோகங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன: 8101 டங்ஸ்டன், 8102 மாலிப்டினம், 8103 டான்டலம், 8105 கோபால்ட், 8108 டைட்டானியம், 8109 சிர்கோனியம். நியோபியம், வனேடியம், ஜெர்மேனியம், காலியம், இண்டியம், ரீனியம் எல்லாம் 8112க்குள் ஒரே கூரையில்.

அலாய் என்றால் விதி எளிது. எடையில் எந்த உலோகம் மற்ற ஒவ்வொன்றையும்விட அதிகமாக இருக்கிறதோ, அதன் அத்தியாயம். வியாபாரப் பெயர் என்ன சொல்கிறது என்பது கணக்கில் வராது. நான் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் பட்டியல் இது:

அலாய் 718, 625, சி-276, மோனல் 400: நிக்கல்தான் அதிகம், 75.
அலாய் 825: நிக்கல் 38 முதல் 46 சதவீதம், இரும்பைவிட அதிகம், 75.
அலாய் 800, 800எச்: இரும்பு அதிகம், 72. குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் ஸ்டெயின்லெஸ் எஃகுக்குள் போகும்.
இன்வார் 36, கோவார், ஏ-286: இரும்பு அதிகம், 72.
பெரிலியம் செம்பு, நிக்கல் அலுமினியம் வெண்கலம், குப்ரோ நிக்கல்: செம்பு அதிகம், 74.

கடல்நீர் பம்ப் செய்பவர்கள் கடைசி வரியைக் கவனியுங்கள். பெயரில் நிக்கல் இருப்பதைப் பார்த்து 75 என்று நினைத்துவிடுவது சுலபம்.

அடுத்து வடிவம். நிக்கலில் கம்பியும் ஒயரும் 7505, தகடு 7506, குழாய் 7507. டைட்டானியத்தில் உருட்டாத கட்டியும் தூளும் 810820, ஸ்கிராப் 810830, மற்றதெல்லாம் 810890. உங்கள் வரைபடப்படி துளை போட்டு, திரெட் வெட்டி வரவழைத்தால் அது உலோகம் என்ற நிலையைத் தாண்டி இயந்திர பாகமாகிவிடலாம். வால்வு பாகம் என்றால் எண் 848190க்குப் போய்விடும். தீர்வையும் மாறும்.

இதற்கெல்லாம் தேவை ஒரே ஒரு தாள்: மில் சான்றிதழ். உங்கள் சரக்கு இன்னும் உருகவே இல்லை என்றாலும், அதே ரகத்தில் முன்பு விற்ற ஒரு ஹீட்டின் (ஒரே தடவையில் உருக்கிய தொகுதி) சான்றிதழை அனுப்பச் சொல்லுங்கள். நல்ல விற்பனையாளர் அன்றைக்கே அனுப்புவார்.

இரண்டு எண்ணுக்கு நடுவே நிஜமாகவே குழப்பம் இருந்து, அதே சரக்கைத் தொடர்ந்து வாங்கப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே தீர்ப்பு வாங்கலாம். சுங்க முன்தீர்ப்பு ஆணையம் டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. கட்டணம் 10,000 ரூபாய், மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வர வேண்டும். ஒரே ஒரு சரக்குக்கு இது தேவையில்லை.

2. அந்த எண்ணைப் போட்டு இறக்குமதிக் கணக்கைப் பாருங்கள்

மத்திய வர்த்தக அமைச்சகத்தின் 'டிரேட்ஸ்டாட்' தளத்தில் ஏற்றுமதி இறக்குமதித் தரவு வங்கி இருக்கிறது. காசு கிடையாது. ஆண்டுக் கணக்கு ஒரு இடத்திலும் மாதக் கணக்கு இன்னொரு இடத்திலும் இருக்கும். இறக்குமதி, பொருள்வாரியாக எல்லா நாடுகளும் என்பதைத் தேர்ந்தெடுத்து உங்கள் எட்டு இலக்க எண்ணைப் போட்டால், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வந்தது என்று வரிசையாக வரும்.

இரண்டு முறை எடுங்கள். ஒரு முறை டாலர் மதிப்பில், ஒரு முறை அளவில். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு கிலோவின் சராசரி விலை. உதாரணத்துக்கு, ஒரு நாட்டிலிருந்து 40 லட்சம் டாலருக்கு 1,00,000 கிலோ வந்திருந்தால் கிலோ 40 டாலர். உங்களுக்கு ஒருவர் 62 டாலர் சொல்கிறார் என்றால், ஏன் என்று கேட்க உங்களிடம் ஒரு காரணம் இருக்கிறது. விற்பவரிடம் நான் அந்த எண்ணைக் காட்டுவதில்லை. கேள்வி கேட்கும் தைரியத்துக்காக எனக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

இங்கே நான் தடுக்கி விழுந்த இடங்கள் பல.

ரூபாயில் பார்க்காதீர்கள். ரூபாய் சரிந்தால், அதே அளவு சரக்கு வந்தாலும் இறக்குமதி கூடியதுபோலத் தெரியும். டாலரும் கிலோவும் மட்டுமே போதும்.

அலகைப் பாருங்கள். கிலோவா, டன்னா, ஆயிரத்திலா என்று தலைப்பில் சின்னதாக இருக்கும். ஒரு முறை ஆயிரத்தைக் கவனிக்காமல் கணக்குப் போட்டு, டைட்டானியம் தங்க விலைக்கு விற்கிறது என்று ஒரு மாலை முழுக்கக் குழம்பினேன்.

நம் ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. வெளிநாட்டு அறிக்கைகள் பெரும்பாலும் ஜனவரி முதல் டிசம்பர் வரை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

'மற்றவை' என்று முடியும் எண்களை நம்பி விலை முடிவு செய்யாதீர்கள். கம்பியும் குழாயும் சின்னச் சின்ன பாகமும் ஒரே வரியில் கலந்திருக்கும், சராசரி விலைக்குப் பொருளே இருக்காது.

எண்கள் மாறும். 2022 ஜனவரியில், முதல் ஆறு இலக்கத்துக்கான உலக எச்எஸ் பட்டியல் திருத்தப்பட்டபோது காட்மியத்துக்கு இருந்த 8107 தலைப்பு போய், அது 8112க்குள் சேர்ந்தது. பழைய எண்ணையே தேடுபவருக்கு, இறக்குமதி திடீரென்று நின்றுவிட்டதுபோலத் தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு மாதத்தை வைத்துப் போக்கு என்று சொல்லாதீர்கள். 81ஆம் அத்தியாயத்தில் பல வரிகள் மிகச் சிறியவை. விண்வெளி, பாதுகாப்புத் துறைக்கு ஒரே ஒரு பெரிய சரக்கு இறங்கினாலும் அந்த மாதக் கோடு வானத்துக்கு எகிறும். கடைசி 12 மாதத்தைக் கூட்டி, அதற்கு முந்தைய 12 மாதத்தோடு வைத்துப் பாருங்கள். நான் ஒவ்வொரு மாதமும் ஒரு எக்செல் தாளில் புதிய மாதத்தைச் சேர்த்து, பழையதை ஒன்று கழிக்கிறேன். பத்து நிமிட வேலை.

நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர், ஹாங்காங், அமீரகம் மேலே வந்தால், அங்கே உருக்காலை இருக்கிறது என்று பொருள் இல்லை. அவை வியாபார மையங்கள். எங்கே உருக்கினார்கள் என்பதை மில் சான்றிதழ்தான் சொல்லும்.

3. போக்கை உங்கள் ஆர்டருக்குப் பொருத்திப் பாருங்கள்

இந்த உலோகங்களில் நாம் வெளிநாட்டையே நம்பியிருக்கிறோம். நிக்கலையும் கோபால்ட்டையும் தாதுவாக வெட்டி எடுக்கும் சுரங்கம் இங்கே இயங்கவில்லை. 2023 ஜூனில் சுரங்க அமைச்சகம் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்கள் பட்டியலில் நிக்கல், கோபால்ட், டங்ஸ்டன், மாலிப்டினம், டைட்டானியம் எல்லாம் இருக்கின்றன. டைட்டானியத்தை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே டைட்டானியம் தாதுவான இல்மனைட் மணல் எடுக்கிறார்கள். பக்கத்தில் கேரளத்தின் சவறாவில் ஆண்டுக்கு 500 டன் டைட்டானியம் ஸ்பாஞ்ச் (உருக்குவதற்கு முந்தைய நுண்துளை உலோகம்) செய்யும் ஆலையும் இருக்கிறது. ஆனாலும் நம் பட்டறைக்கு வேண்டிய கம்பிக்குக் கடல் கடந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆக, எந்த நாடு எந்தக் கதவை மூடுகிறது என்பதே உங்கள் டெலிவரி தேதியைத் தீர்மானிக்கும். உலக டங்ஸ்டனில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவில் கிடைக்கிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் காலியம், ஜெர்மேனியம் ஏற்றுமதிக்கு அந்நாடு உரிமம் கேட்கத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் ஆன்டிமனி. 2025 பிப்ரவரி 4 அன்று டங்ஸ்டன், மாலிப்டினம், டெல்லூரியம், பிஸ்மத், இண்டியம் சேர்ந்தன. ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களும் அவற்றின் காந்தங்களும். கோபால்ட்டில் காங்கோ முதலிடம். 2025 பிப்ரவரியில் அந்நாடு ஏற்றுமதியையே நிறுத்திவைத்து, அக்டோபரில் ஒதுக்கீட்டு முறைக்கு மாறியது.

உரிமம் வேண்டிய பட்டியலில் உங்கள் பொருள் வருகிறதா என்று சீன விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரே உலோகத்தில் சில வடிவங்கள் பட்டியலில் இருக்கும், சில இருக்காது. உரிமம் வேண்டும் என்றால் அங்குள்ள பரிசீலனைக்கு 45 வேலை நாள் வரை ஆகலாம். இறுதிப் பயனர் சான்றும் கேட்பார்கள்: யார் வாங்குகிறார்கள், எதற்கு, வேறு யாருக்காவது விற்பார்களா என்று உங்கள் லெட்டர்ஹெட்டில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தர வேண்டும். இதை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். உரிமம் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் அனுப்பாதீர்கள்.

விலை எப்படி உருவாகிறது என்பதும் உலோகத்துக்கு உலோகம் வேறு. நிக்கல், கோபால்ட், மாலிப்டினம் மூன்றுக்கும் லண்டன் உலோகச் சந்தையில் விலை இருக்கிறது. டைட்டானியத்துக்கும் டங்ஸ்டனுக்கும் அங்கே விலை கிடையாது, பேசி முடிப்பதுதான். நிக்கல் அலாய் ஆலைகள் பல, அடிப்படை விலை ஒன்றும் உலோகச் சந்தை விலைப்படி மாதம் மாறும் அலாய் சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்) ஒன்றுமாகப் பிரித்துச் சொல்லும். சர்சார்ஜ் ஆர்டர் போட்ட மாதத்துக்கா, சரக்கு கிளம்பும் மாதத்துக்கா என்று கேட்காமல் விட்டால் பிறகு வருந்துவீர்கள். 2022 மார்ச் 8 அன்று லண்டனில் நிக்கல் ஒரு டன் 1,00,000 டாலரைத் தாண்டி, வர்த்தகத்தையே நிறுத்தினார்கள். அப்படி ஒரு நாள் உங்கள் ஆர்டருக்கும் டெலிவரிக்கும் நடுவே வந்தால் என்ன ஆகும் என்பது, சர்சார்ஜ் எந்த மாதத்துக்கு என்ற அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

பட்ஜெட்டையும் பாருங்கள். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் 25 முக்கியக் கனிமங்களுக்கு அடிப்படைத் தீர்வை நீக்கப்பட்டது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் கோபால்ட் தூளும் வேறு பல கனிமங்களின் கழிவும் சேர்ந்தன. செய்தியில் 'கோபால்ட்டுக்குத் தீர்வை இல்லை' என்று வரும். அதை நம்பி கோபால்ட் அலாய் கம்பிக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள். விலக்கு தாதுவுக்கா, தூளுக்கா, கழிவுக்கா என்பதை அறிவிக்கையில் எண்ணோடு எண் வைத்துப் பார்க்க வேண்டும்.

4. அடிப்படைப் பதிவுகள்

இது பயப்படுவதுபோல இல்லை. இறக்குமதியாளருக்கான ஐஇசி எண், வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டிஜிஎஃப்டியின் தளத்தில், பான் எண்ணை வைத்து, 500 ரூபாய். எங்களுக்கு மறுநாளே வந்துவிட்டது. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதைப் புதுப்பித்து உறுதிசெய்ய வேண்டும், மாற்றம் ஒன்றும் இல்லை என்றாலும். மறந்தால் எண் முடங்கிவிடும்; துறைமுகத்தில் சரக்கு நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

வங்கியில், உங்கள் கிளையைச் சுங்கத்துக்குக் காட்டும் ஏடி கோடு கடிதம் வாங்கி, சுங்கத்தின் ஐஸ்கேட் தளத்தில் நீங்கள் பயன்படுத்தும் துறைமுகத்துக்குப் பதிவுசெய்யச் சொல்லி ஏஜென்ட்டிடம் கொடுங்கள். ஜிஎஸ்டி பதிவில் உள்ள பெயரும் முகவரியும் ஐஇசியில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். வங்கிக் கடிதத்துக்கு ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். வெளிநாட்டு வர்த்தகம் அதிகம் பார்க்காத கிளையென்றால் இன்னும் கூடும்.

5. முன்பதிவு வேண்டுமா என்று பாருங்கள்

எங்களைக் கவிழ்த்தது இதுதான்.

எண் 72ஆம் அத்தியாயத்தில் விழுந்தால் 'சிம்ஸ்' எனும் எஃகு இறக்குமதிக் கண்காணிப்புப் பதிவு வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாமல், சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரி நகராது. கூடவே, உங்கள் ரகம் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வந்தால், பிஐஎஸ் உரிமம் உள்ள ஆலையிடமிருந்துதான் வாங்க முடியும், அல்லது எஃகு அமைச்சகத்தின் தளத்தில் விளக்கம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் ஆர்டருக்கு முன்பே தொடங்குங்கள்.

செம்பு, அலுமினியம் என்றால் 2021 ஏப்ரல் 12 முதல் நடப்பில் உள்ள இரும்பல்லாத உலோக இறக்குமதிக் கண்காணிப்புப் பதிவு. சரக்கு வந்துசேரும் நாளுக்கு 60 நாள் முன்பிலிருந்து 5 நாள் முன்பு வரை பதியலாம், எண் 75 நாள் செல்லும். கட்டணம் ஆயிரத்துக்கு ஒரு ரூபாய், குறைந்தது 500. பெரிலியம் செம்பு வாங்குபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

75, 81ஆம் அத்தியாயங்களுக்கு இந்த இரண்டு கண்காணிப்புப் பதிவும் கிடையாது. அதனாலேயே 75 என்று போட்டால் எல்லாம் சுலபமாகத் தெரியும். எண் தவறென்றால் அந்தச் சுலபம் துறைமுகம் வரைக்கும்தான்.

6. விலைக் கடிதமும் பணமும்

விலைக் கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: ரகமும் தரநிலையும் (அலாய் பெயர் மட்டும் போதாது), அளவும் ஏற்கத்தக்க வித்தியாசமும், கப்பலில் ஏற்றும் வரையான விலையா (எஃப்ஓபி) கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த விலையா (சிஐஎஃப்), எந்தத் துறைமுகம், விலை எத்தனை நாள் செல்லும், உருக்கிய நாடு, ஆலையே சோதித்துத் தரும் இஎன் 10204 3.1 வகை மில் சான்றிதழ், ஆறு இலக்க எண். மரப்பெட்டியில், பூச்சி நீக்கியதைக் காட்டும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை வேண்டும் என்றும் எழுதுங்கள். முத்திரை இல்லாத மரம் வந்தால், உள்ளே எவ்வளவு விலை உயர்ந்த உலோகம் இருந்தாலும், தாவரப் பாதுகாப்புத் துறை பெட்டியை நிறுத்திவைக்கும்.

ஜப்பான், கொரியா போல நம்மோடு வர்த்தக ஒப்பந்தம் உள்ள நாட்டுச் சரக்கு என்றால் தீர்வை குறையவோ நீங்கவோ வாய்ப்புண்டு. அதற்கு, பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும், அந்த ஒப்பந்தத்துக்குரிய மூலச் சான்றிதழ் வேண்டும், சாதாரண வணிகச் சங்கச் சான்று செல்லாது. 2020 செப்டம்பர் 21 முதல் நடப்பில் உள்ள, மூல நாட்டைச் சரிபார்க்கும் கரோட்டார் விதியின்படி, பொருள் அங்கே எப்படி உருவானது என்ற விவரமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதிகாரி கேட்டால் 'விற்றவரைக் கேளுங்கள்' என்று சொல்ல முடியாது. ஐந்து ஆண்டு பாதுகாக்கவும் வேண்டும்.

புதிய விற்பனையாளருக்கு முழு முன்பணம் வேண்டாம். நாங்கள் 30 சதவீதம் முன்பணம், மீதி, சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங் நகலைப் பார்த்து என்று பேசுகிறோம். தொகை பெரிதானால் எல்சி (வங்கி தரும் கடன் கடிதம்) திறப்பது நல்லது. வங்கிச் செலவு கூடினாலும் தூக்கம் வரும். முன்பணம் அனுப்பினால் ஆறு மாதத்துக்குள் சரக்கு வந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. சீன உரிமத்துக்குக் காத்திருக்கும் சரக்கில் இந்தக் கெடு நெருங்கிவிடும், கவனம்.

இன்னொன்று. பணம் அனுப்பும் நேரத்தில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மெயில் வந்தால், அந்த மெயிலுக்குப் பதில் போடாதீர்கள். முன்பு பேசிய போன் எண்ணில் கூப்பிட்டு, குரலில் உறுதிசெய்யுங்கள்.

7. கையில் வந்துசேரும் விலையைக் கணக்கிடுங்கள்

சிஐஎஃப் மதிப்பு 10,00,000 ரூபாய், அடிப்படைத் தீர்வை 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

அடிப்படைத் தீர்வை 50,000.
அதன் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் தீர்வை 5,000.
இந்தக் கூட்டுத்தொகை 10,55,000 மீது 18 சதவீதம் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) 1,89,900.
சுங்கத்தில் கட்டுவது மொத்தம் 2,44,900.

ஐஜிஎஸ்டி உங்கள் ஜிஎஸ்டி கணக்கில் உள்ளீட்டு வரியாகத் திரும்பும், அதனால் உண்மையான செலவு 55,000தான். ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து போவது முழுத் தொகை. அதைத் தனியாக எடுத்துவைக்காமல் சரக்கை வரவழைக்காதீர்கள். இதே சரக்கு எஃகு என்று தீர்மானமாகி 7.5 சதவீதம் ஆனால் திரும்பாத செலவு 82,500. எண் ஒன்று மாறியதற்கு 27,500 ரூபாய்.

மாற்று விகிதம் சுங்கத்துறை அறிவிப்பது. வங்கி விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் கொஞ்சம் இடிக்கும். எஃப்ஓபி விலையில் வாங்கி, கப்பல் கூலிக்கும் காப்பீட்டுக்கும் ஆதாரம் காட்டவில்லை என்றால், எஃப்ஓபியில் 20 சதவீதத்தைக் கூலியாகவும் 1.125 சதவீதத்தைக் காப்பீடாகவும் சேர்த்து மதிப்பிடுவார்கள். இந்த உலோகங்கள் எடைக்கு விலை அதிகம், உண்மையான கூலி 20 சதவீதத்தில் சின்னப் பங்குதான். கூலி ரசீதையும் காப்பீட்டுத் தாளையும் மறக்காமல் கொடுங்கள்.

பிறகு உள்ளூர்ச் செலவு. கன்டெய்னரைப் பங்குபோட்டு எல்சிஎல் முறையில் வரும் சரக்கில் ஒரு பொறி இருக்கிறது. விற்பவர் 'கப்பல் கூலி கிட்டத்தட்ட இலவசம்' என்பார். அந்தக் காசை இங்கே டெலிவரி ஆர்டர் கட்டணம், பிரிப்புக் கட்டணம் என்று வசூலித்துவிடுவார்கள். ஏற்றுவதற்கு முன்பே, இங்குள்ள முகவர் யார், இந்தப் பக்கக் கட்டணம் மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அப்படி வாங்காத முதல் தடவை, இந்தப் பக்கச் செலவு மட்டும் கப்பல் கூலியைப் போல மூன்று மடங்கு கட்டினோம்.

8. கப்பல் கிளம்பியதும்

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், மில் சான்றிதழ், மூலச் சான்றிதழ், காப்பீடு. இந்த ஆறின் நகலும் கப்பல் கிளம்பிய இரண்டு நாளில் ஏஜென்ட்டிடம் இருக்கட்டும். அவரிடம் எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். நீங்கள் எண்ணைச் சொல்லி, சான்றிதழில் எந்த வரியைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று மெயிலில் எழுதுங்கள். பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகும் முன் அதன் செக்லிஸ்ட்டை அனுப்புவார்கள். அதில் எண், எடை, விலக்கு அறிவிக்கை எண், ஜிஎஸ்டி எண் நான்கையும் நீங்களே படியுங்கள்.

சரக்கு வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகிவிட வேண்டும். வருவதற்கு 30 நாள் முன்பிலிருந்தே தாக்கல் செய்யலாம். தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000, அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய். தீர்வை கட்டச் சொன்ன பிறகு ஒரு வேலை நாளுக்குள் கட்டவில்லை என்றால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி ஓடும். வெள்ளிக்கிழமை மாலை வங்கி வரம்பு தீர்ந்துவிட்டது என்று நிற்காதீர்கள்.

எவ்வளவு பார்த்தும் கேள்வி வந்துவிட்டால், கிடங்கு வாடகை ஓடும்போது சும்மா இருக்க வேண்டாம். சுங்கச் சட்டம் 49ஆம் பிரிவின் கீழ், தீர்வு வரும்வரை சரக்கைப் பொதுச் சேமிப்புக் கிடங்கில் வைக்க அனுமதி கேட்கலாம், 30 நாள் வரை. எங்கள் 19 நாளில் இந்தப் பிரிவை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

நேரக் கணக்கு: சீனாவிலிருந்து தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ கடலில் மூன்று நான்கு வாரம் என்று வையுங்கள். எல்சிஎல் என்றால் கொழும்பில் மாற்றி ஏற்றுவதற்கு இன்னும் ஒரு வாரம் கூட்டுங்கள். செங்கடல் வழியைக் கப்பல்கள் தவிர்த்த பிறகு ஐரோப்பாவிலிருந்து ஆறேழு வாரம் ஆகிறது. ஆலையில் கையிருப்பு இல்லாத அளவு என்றால் உருக்கி உருட்டவே மூன்று மாதம் போகலாம். 50, 60 கிலோ அவசரம் என்றால் விமானத்தில் வரவழைப்பது பல நேரம் எல்சிஎல்லைவிட அதிகம் ஆவதில்லை. ஒரு முறை விலை கேட்டுப் பாருங்கள்.

9. கம்பி பட்டறைக்கு வந்த பின்

பெட்டியைப் பிரித்தவுடன் ஒவ்வொரு கம்பியின் முனையையும் பாருங்கள். பஞ்ச் அடித்த ஹீட் நம்பர் இருக்கும். சான்றிதழில் உள்ளதோடு அது ஒத்துப்போக வேண்டும். எங்களுக்கு வந்த ஒரு கட்டில் பதினொரு கம்பியில் ஒன்றுக்கு மட்டும் வேறு ஹீட். வண்ணம் ஒன்றே, கட்டிய பட்டையும் ஒன்றே. பஞ்சைத் தடவிப் பார்த்த பையன்தான் கண்டுபிடித்தான். என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் ஹீட் ஒன்றுக்கு ஒரு துண்டு கொடுத்து வேதிக்கூறு பார்த்துவிடுங்கள். உலோகக்கூறு காட்டும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியும் உதவும், ஆனால் அது கார்பனைக் காட்டாது. 800க்கும் 800எச்சுக்கும் உள்ள வித்தியாசமே கார்பனில்தான் தொடங்குகிறது. புகார் இருந்தால் கம்பியில் கட்டர் படுவதற்கு முன்பே எழுதுங்கள், வெட்டிய பிறகு எந்த ஆலையும் கேட்காது.

கம்பியை அறுக்கும்போது ஹீட் நம்பர் இருக்கும் முனையைக் கடைசி வரை மிச்சம் வையுங்கள். அறுத்த துண்டுகளுக்கு அதே எண்ணை மாற்றிக் குத்துங்கள்.

வங்கியில் ஒரு வேலை பாக்கி இருக்கும். நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு டாலருக்கும் எதிராக ஒரு பில் ஆஃப் என்ட்ரி, இறக்குமதிப் பணத்தைக் கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் 'ஐடிபிஎம்எஸ்' கணக்கில் பொருத்தப்பட வேண்டும். சுங்கத்திலிருந்து அது தானாகவே வங்கிக்குப் போகும், ஆனால் எந்தப் பணம் எந்தப் பில்லுக்கு என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் பொருத்துவார்கள். 30, 70 என்று இரண்டு தவணையில் அனுப்பியிருந்தால் இரண்டையும் குறிப்பிடுங்கள். பொருந்தாத பதிவு நின்றுகொண்டிருந்தால் அடுத்த ஆர்டருக்குப் பணம் அனுப்பும் நாளில் கவுன்ட்டரில் நிறுத்திவிடுவார்கள். சரக்கு வந்த அதே வாரத்தில் கடிதத்தைக் கொடுத்து, பொருத்தியாகிவிட்டது என்ற பதில் மெயிலையும் வாங்கி, மில் சான்றிதழோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.